மூடி வச்சா தூங்குமா லேப்டாப்? சார்ஜ் எங்கே போகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

ராத்திரி 10 மணிக்கு 60 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது லேப்டாப்பை மூடி வைக்கிறீர்கள். காலை 6 மணிக்குத் திறந்தால் 7 சதவீதம்தான் காட்டுகிறது. நடுவில் யாரும் தொடவே இல்லை. ‘பேட்டரி போச்சுங்க, மாத்தணும்’ என்று கடையில் சொல்லிவிடுவார்கள். பல நேரம் பேட்டரியில் குறையே இருக்காது. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. இப்போது வரும் மாடல்கள் பலவும் மூடிய பிறகும் அரைத் தூக்கத்தில்தான் இருக்கின்றன.

இதில் சார்ஜ் மட்டும் வீணாகவில்லை, காரியமும் கெட்டுப்போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியில் இருக்கும் பழைய புதுச்சேரி பொறியியல் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. அதே வளாகத்தில்தான் சென்டாக் அலுவலகமும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பிள்ளைகள் உயர்கல்வி இடத்துக்கு விண்ணப்பிப்பது சென்டாக் இணையதளம் வழியாகத்தான். அதற்குத் தேவையான வருமானம், சாதி, குடியிருப்புச் சான்றிதழ்களுக்கும் இப்போது இணையத்தில் விண்ணப்பிக்க முடிகிறது. கடைசித் தேதி அன்று கரண்ட் இல்லாமல், லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லாமல் போனால் ஒரு வருஷப் படிப்பே கேள்விக்குறி ஆகிவிடும். அதனால் இந்தப் பாடத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்து, உங்கள் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

1. பழைய தூக்கம் வேறு, புதிய தூக்கம் வேறு

கம்ப்யூட்டர் எப்படித் தூங்க வேண்டும் என்பதற்கு ஒரு பொது விதிமுறை உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் அதை வெளியிட்டன. அந்த விதியில் ‘எஸ்3’ என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் திரை, பிராசஸர், டிஸ்க், வைஃபை எல்லாம் அணைந்துவிடும். நீங்கள் திறந்து வைத்த வேலையை நினைவில் வைத்திருக்கும் ‘ரேம்’ பகுதிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு விடிவிளக்கை மட்டும் விட்டு வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. போனைத் தொட்டவுடன் திரை வருகிறது, திரை அணைந்திருக்கும்போதே மெசேஜ் வந்து சேர்கிறது. லேப்டாப்பும் இப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆக வளர்ந்தது. இதன் தொழில்நுட்பப் பெயர் ‘எஸ்0 லோ பவர் ஐடில்’. எஸ்0 என்றாலே ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றுதான் பொருள். திரை அணைந்திருக்கும், மிகக் குறைந்த மின்சாரத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கும்; அவ்வப்போது எழுந்து மெயில், அப்டேட் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஆப்பிள் மேக்புக்கிலும் 2012-ல் ‘பவர் நாப்’ என்ற பெயரில் இதே போன்ற வசதி வந்தது. அதனால் ஒரு கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, எல்லோரும் போன போக்கு இது.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த ஆரம்ப வருஷங்களில் வந்த லேப்டாப்கள் பழைய எஸ்3 காலத்தவை. பிள்ளைச்சாவடியை ஒட்டிய பொம்மையார்பாளையம் பக்கத்தில் ஒரே வீட்டில் அண்ணனிடம் பழைய லேப்டாப்பும் தங்கச்சியிடம் புதுசும் இருக்கலாம். ‘என்னோடது மூடி வச்சா ரெண்டு நாள் தாங்குது, உன்னோடது ஏன் தாங்கல?’ என்று அண்ணன் கேட்டால், இதுதான் பதில்.

2. நான்கு நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

திரை அணைதல்: வெறும் திரை மட்டும்தான் அணைந்திருக்கிறது. உள்ளே எல்லாம் முழுசாக ஓடுகிறது.

ஸ்லீப்: மேலே சொன்ன தூக்கம். பழைய வகையா புதிய வகையா என்பது மாடலைப் பொறுத்தது. சட்டென்று எழுந்துவிடும். சார்ஜ் முழுவதும் தீர்ந்துவிட்டால், சேமிக்காத வேலை போய்விடும் அபாயம் உண்டு.

ஹைபர்னேட்: ரேமில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுக் கருவி அணைந்துவிடும். மறுபடி போடும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுந்திருக்கச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். சார்ஜ் கிட்டத்தட்ட செலவாகாது.

ஷட் டவுன்: எல்லாம் மூடி அணைந்துவிடும். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் உள் பகுதி ஒன்று டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை வேகமாகத் திறக்கும். அதனால்தான் லேப்டாப் ஏதாவது தகராறு செய்தால் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்கிறார்கள். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

3. சார்ஜ் எங்கே போகிறது? ஒரு சின்னக் கணக்கு

உங்கள் லேப்டாப் பேட்டரி 45 வாட்-மணி கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் பேட்டரியின் மேலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும். அதில் 60 சதவீதம் என்றால் கையில் 27 வாட்-மணி.

புதிய வகைத் தூக்கம் ஒழுங்காக நடந்து, 0.3 வாட் மட்டும் எடுத்தால், 8 மணி நேரத்தில் 2.4 வாட்-மணி செலவாகும். சுமார் 5 சதவீதம். காலையில் 55 சதவீதம் இருக்கும்.

ஏதோ ஒரு நிரலோ கருவியோ தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்து 3 வாட் எடுத்தால், அதே 8 மணி நேரத்தில் 24 வாட்-மணி போய்விடும். 53 சதவீதம் காலி. மீதி 7.

ஆகவே வசதியை மட்டும் குறை சொல்ல முடியாது, தூக்கத்தைக் கெடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். பொதுவாகக் கெடுப்பவர்கள் இவர்கள்: பின்னணியில் ஓடும் அப்டேட், கோப்புகளை இணையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கிளவுட் சேமிப்புச் செயலி, வைஃபை அல்லது புளூடூத் கருவிக்கான பழைய டிரைவர், செருகி வைத்த யூஎஸ்பி மவுஸ் அல்லது டாங்கிள், பாதியில் நிற்கும் டவுன்லோடு.

4. உங்கள் லேப்டாப் எந்த வகை?

விண்டோஸ் லேப்டாப்பில் இதைப் பார்க்க 1 நிமிடம் போதும். கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் சொல்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக டைப் செய்யுங்கள்.

முதலில், ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்று தேடித் திறக்கவும்.

அடுத்து, ‘பவர்’ என்ற சொல்லுடன் சி, எஃப், ஜி என்ற 3 எழுத்துகளை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதவும். ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘ஏ’ என்ற எழுத்தை எழுதி என்டர் தட்டவும்.

பதில் இரண்டு பகுதியாக வரும். மேல் பகுதியில் இருப்பது உங்கள் லேப்டாப்பில் உள்ள தூக்க நிலைகள். கீழ்ப் பகுதியில் இருப்பது இல்லாதவை. பலர் கீழே இருப்பதைப் பார்த்துக் குழம்பிவிடுகிறார்கள். மேல் பகுதியில் ‘எஸ்3’ என்று இருந்தால் பழைய வகை. ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று இருந்தால் புதிய வகை.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ‘சிஸ்’ கோப்பகத்தில் உள்ள ‘பவர்’ என்ற உட்கோப்பகத்தில் ‘மெம் ஸ்லீப்’ கோப்பைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் ‘டீப்’ என்று இருந்தால் பழைய வகை. ‘எஸ்2ஐடில்’ என்று இருந்தால் புதிய வகை.

5. தூக்கத்தைக் கெடுத்தது யார்?

புதிய வகை லேப்டாப் என்றால் விண்டோஸே ஒரு அறிக்கை தரும். இம்முறை கமாண்ட் ப்ராம்ப்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்க வேண்டும். முன்பு எழுதிய அதே சொல், ஒரு இடைவெளி, சாய்கோடு, பிறகு ‘ஸ்லீப் ஸ்டடி’ என்பதை ஒரே சொல்லாக எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையில் வரும். அந்தக் கோப்பை பிரௌசரில் திறக்கலாம்.

கடந்த 3 நாட்களில் லேப்டாப் எப்போதெல்லாம் தூங்கியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு சார்ஜ் போனது என்று வண்ணப் பட்டைகளாக இருக்கும். பச்சை நல்லது. சிவப்பு என்றால் அந்த நேரத்தில் சார்ஜ் அதிகம் போயிருக்கிறது. சிவப்பைத் தொட்டால், கீழே எந்தக் கருவி அல்லது நிரல் அதிக நேரம் விழித்திருந்தது என்று பட்டியல் வரும். வைஃபை பெயர் வந்தால் அதன் டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து புதுப்பியுங்கள். ஏதாவது செயலியின் பெயர் வந்தால் அதன் பின்னணி அனுமதியை நிறுத்துங்கள்.

பழைய எஸ்3 வகை லேப்டாப் நடுராத்திரியில் தானாக எழுந்துகொண்டால், சாய்கோட்டுக்குப் பிறகு ‘லாஸ்ட் வேக்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். மவுஸ் என்று வந்தால், ‘டிவைஸ் மேனேஜர்’ போய், அந்த மவுஸின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

6. சரி, என்ன செய்யணும்?

ஹைபர்னேட்டைக் கண்ணில் படும்படி வையுங்கள். பல லேப்டாப்களில் இது மறைந்திருக்கும். ‘கன்ட்ரோல் பேனல்’ போய் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ திறக்கவும். இடது பக்கம், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்வு செய்யும் இணைப்பு இருக்கும். அதில் நுழைந்து, ‘தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுக’ என்ற பொருளில் உள்ள வரியை அழுத்தினால் ‘ஹைபர்னேட்’ பெட்டி திறக்கும். டிக் செய்து சேமிக்கவும். இனி ஷட் டவுன் இருக்கும் இடத்திலேயே ஹைபர்னேட்டும் வரும்.

மூடினால் என்ன ஆக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதே பக்கத்தில், மூடியை மூடும்போது என்ன செய்வது என்ற தேர்வும் இருக்கிறது. பேட்டரியில் இருக்கும்போது ‘ஹைபர்னேட்’, சார்ஜரில் இருக்கும்போது ‘ஸ்லீப்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும்.

நேரக் கெடு வையுங்கள். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பேட்டரி’ என்ற வரிசையில் போனால் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும், எப்போது ஸ்லீப், எப்போது ஹைபர்னேட் என்று குறிக்கலாம். டீ குடிக்கப் போனால் ஸ்லீப், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஹைபர்னேட் என்ற கணக்கு நல்லது.

கழற்றிவிட்டு மூடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது தூங்கப் போகும் லேப்டாப் இணையத் தொடர்பை வைத்துக்கொண்டு கூடுதல் வேலை பார்க்கலாம். அதனால் பையில் வைக்கப் போகும்போது முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பிறகு மூடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘ஒரே ஒரு வரி மாத்தினா பழைய ஸ்லீப் திரும்ப வந்துடும்’ என்று வீடியோக்களில் ரெஜிஸ்ட்ரியை மாற்றச் சொல்வார்கள். பழைய எஸ்3 நிலை வேலை செய்ய வேண்டுமானால் அதை லேப்டாப் தயாரிப்பாளர் உள் மென்பொருளிலேயே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத மாடலில் அந்த வரியை மாற்றினால் ஸ்லீப் வசதியே காணாமல் போய்விடலாம். ஹைபர்னேட் இருக்கும்போது இந்த வம்பு தேவையில்லை.

7. பைக்குள் சூடு, பேட்டரிக்குக் கேடு

தூக்கம் கலைந்த லேப்டாப் பைக்குள் இருந்தால், காற்று போக வழியில்லாமல் சூடாகும். பேருந்தில் மடியில் வைத்த பை சுடுவதை உணர்ந்தாலோ உள்ளே ஃபேன் சத்தம் கேட்டாலோ உடனே வெளியே எடுத்து அணையுங்கள். லித்தியம்-அயன் பேட்டரிக்குச் சூடு பெரிய எதிரி. எப்போதும் 100 சதவீத சார்ஜில் செருகியே வைத்திருப்பதும் அதற்கு நல்லதல்ல. பல நிறுவனங்களின் லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. மேசையிலேயே வைத்து வேலை செய்பவர்கள் அதை இயக்கிக்கொள்ளலாம்.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்க்கவும் வழி உண்டு. அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பிறகு ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாக எழுதினால் ஒரு அறிக்கை வரும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு. ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது இப்போது இருப்பது. முதலாவது 45,000, இரண்டாவது 36,000 என்று இருந்தால், 80 சதவீதம் பலம் மீதி இருக்கிறது. அதை இன்னும் மாற்ற வேண்டியதில்லை. கடைக்குப் போகுமுன் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் போனால், தேவையில்லாமல் சில ஆயிரம் ரூபாய் செலவு செய்வதைத் தவிர்க்கலாம்.

கீபோர்டு அல்லது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடவே கூடாது.

8. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

பயப்பட வேண்டாம். சார்ஜரோடு செருகி ஸ்லீப்பில் வைத்த லேப்டாப் 1 வாட் எடுக்கிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 24 வாட்-மணி. 75 வாட் சீலிங் ஃபேன் 20 நிமிடம் ஓடினால் ஆகும் செலவுதான் அது. ஒரு வருஷம் முழுவதும் சேர்த்தால் 9 யூனிட்டுக்கும் குறைவு.

ஸ்லீப்பே ஆகாமல், 10 வாட் எடுத்துக்கொண்டு தினமும் 14 மணி நேரம் சும்மா ஓடினால் வருஷத்துக்கு சுமார் 51 யூனிட். ஒரு வீட்டுக்கு இது சின்னதுதான். 40 கம்ப்யூட்டர் உள்ள கல்லூரி ஆய்வகம் என்றால் 2,000 யூனிட்டைத் தாண்டிவிடும். பயன்படுத்தாத கருவி 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே உலக நாடுகளுக்கு யோசனை சொன்னதற்குக் காரணம் இந்தக் கூட்டல் கணக்குதான்.

9. விண்ணப்பக் கடைசி நாளும் புயல் நாளும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஊர் பல இடங்களில் இருளில் கிடந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோதும் இதே கதைதான். கடற்கரையில் இருக்கும் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் லேப்டாப் பேட்டரி என்பது உங்கள் வீட்டின் சின்ன ஜெனரேட்டர்.

மழை எச்சரிக்கை வந்தவுடன் லேப்டாப், போன், பவர் பேங்க் மூன்றையும் முழுசாக சார்ஜ் செய்யுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் 80 சதவீதக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம். பிறகு லேப்டாப்பை ஹைபர்னேட்டில் வையுங்கள். ஸ்லீப்பில் வைத்தால், கரண்ட் போய் இரண்டாம் நாள் தேவைப்படும்போது சார்ஜ் இருக்காது.

கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைக்கலாம்; வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்துங்கள். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் அதற்கேற்ற வாட் திறன் உள்ள பவர் பேங்க் வேண்டும். போனுக்கு வாங்கிய 10 வாட் பவர் பேங்கை நம்ப வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்பும்போது இன்னொரு சிக்கலும் வரலாம். சான்றிதழ் தேட நீங்கள் பீரோவைத் திறந்துகொண்டிருக்கும்போது லேப்டாப் தூங்கிவிடும். திரும்ப வந்தால் இணையதளம் உங்களை வெளியேற்றியிருக்கலாம், நிரப்பியது போயிருக்கலாம். அதனால் உட்காரும் முன் ஸ்லீப் நேரத்தை 1 மணி நேரமாகக் கூட்டிவையுங்கள். சான்றிதழ்களை முன்னதாகவே ஒரு கோப்புறையில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும்போது மூடியை மூடவே மூடாதீர்கள். தவறி மூடிவிட்டால், மறுபடி பணம் கட்டுவதற்கு முன் வங்கி மெசேஜையும் விண்ணப்பத்தின் நிலையையும் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நேரத்தைப் பழையபடி குறைத்துவிடுங்கள்.

10. புதுசு வாங்கியும் இப்படியா?

வாங்கிச் சில மாதமே ஆன லேப்டாப், அப்டேட் எல்லாம் செய்த பிறகும் ஒரு ராத்திரியில் பாதி சார்ஜைத் தின்கிறது என்றால் வாரண்டியில் கேளுங்கள். வெறும் வாயால் சொன்னால் ‘அப்படித்தாங்க இருக்கும்’ என்பார்கள். மேலே சொன்ன தூக்க அறிக்கையையும் பேட்டரி அறிக்கையையும் கையில் கொண்டு போங்கள். பில், புகார் எண், கொடுத்த தேதி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அப்படியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

இன்றைக்கே செய்யுங்கள்

- உங்கள் லேப்டாப் எஸ்3 வகையா, எஸ்0 வகையா என்று பாருங்கள்.
- ஹைபர்னேட்டை மெனுவில் கொண்டு வாருங்கள்.
- இன்று இரவு மூடும்போது சார்ஜ் எத்தனை, காலையில் எத்தனை என்று போனில் குறித்து வையுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் தூக்க அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.
- பையில் வைக்கும் முன் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன்.
- வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், விண்ணப்ப நாள் வரும் முன்பே இதைச் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.